கல்லை உடைக்காமல் பவளம் படித்த கதை

முதுகலை ஆய்வுக்காக, ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரின் பக்கத்துத் தீவுகளில் பவளப்பாறைகளைக் கணக்கெடுத்தேன். இதே வேலைக்கு வரப்போகும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கடலுக்குள் மூழ்குவது கடினமா என்பதுதான். மன்னார் வளைகுடாவில் பவளம் பெரும்பாலும் ஆழம் குறைந்த நீரிலேயே வளர்கிறது. முறையாகப் பயிற்சி எடுத்தவர் அங்கே தைரியமாக இறங்கலாம். பார்த்ததை இன்னது என்று அடையாளம் சொல்வதற்குத்தான் என் காலத்தில் பெரும்பகுதி செலவானது.

அனுமதியில் தொடங்குகிறேன். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளமோ 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதாவது புலிக்குள்ள அதே பாதுகாப்பு. விரல் நீளத் துண்டை ஒடிப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். எந்தத் தீவு, எந்த மாதங்கள், என்ன கருவி, யார் யார் இறங்குவார்கள் என்பதையெல்லாம் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். மாதிரி எதுவும் எடுக்கப்போவதில்லை, அளவும் புகைப்படமும் மட்டுமே என்று நான் எழுதினேன். அப்படி எழுதியது எனக்கு மனநிறைவைத் தந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் இந்தக் கடலில் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதுவும் முக்கியக் காரணம். அங்கே போய் இன்னொரு துண்டை உடைத்துவர எனக்கு மனமில்லை.

அடுத்தது காற்று. மண்டபத்துக்காரர்கள் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கிவிடும். நீட்டிய கையே தெரியாது. வாடை தொடங்கினால் வடகடலின் முறை. மாசி, பங்குனியில் தென்கடல் தெளிந்து கிடக்கும். எங்களை நாட்டுப்படகில் கூட்டிப்போன அண்ணன் கரையில் நின்று நீரின் நிறத்தைப் பார்த்தே, "இன்றைக்குப் பார் தெரியாது தம்பி, நாளைக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவார். கடலடிப் பாறைத்திட்டைத்தான் அங்கே பார் என்பார்கள். அவர் சொல் பிசகியதில்லை. கடற்பாசி எடுக்கும் அக்காமார்களிடமும் கேளுங்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் அவர்கள். எந்தப் பாரில் போன கோடையில் கல் வெளுத்தது, எங்கே திரும்ப நிறம் வந்தது என்று இடம் சுட்டிச் சொல்வார்கள். நான் அளக்க வேண்டிய இடங்களில் சிலவற்றை அவர்கள் பேச்சிலிருந்தே தேர்ந்தேன்.

அளக்கும் முறை எளிது. 20 மீட்டர் நாடாவைப் பாறையின் போக்கிலேயே விரிக்க வேண்டும். நாடாவுக்கு அடியில் என்ன இருக்கிறது, அது எந்த சென்டிமீட்டரில் மாறுகிறது என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும். 312இல் தொடங்கி 347இல் முடிந்தால் அந்தப் பவளத்தின் பங்கு 35 சென்டிமீட்டர். உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல், உடைந்த சல்லி என எல்லாவற்றையும் எழுத வேண்டும். மணலை எழுத அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் உயிருள்ள பவளம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு 2000 சென்டிமீட்டரும் நிரம்பினால்தான் கிடைக்கும்.

அடையாளம் காண்பதற்கு வருகிறேன். இந்த வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. கிளைத்து நிற்கும் அக்ரோபோராவை எளிதில் சொல்லிவிடலாம்: ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு பெரிய கிண்ணம் (பவள உயிரி ஒன்று குடியிருக்கும் குழி) இருக்கும். போரைட்டிஸ் உருண்டை மேடாக வளரும், அதன் கிண்ணங்கள் மிகச் சிறியவை. சிக்கல் தேன்கூடு போன்ற உருண்டைப் பவளங்களில்தான். அடுத்தடுத்த கிண்ணங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் அது ஃபேவைட்டிஸ். ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவர் இருந்து, நடுவில் மெல்லிய பள்ளம் ஓடினால் டிப்சாஸ்ட்ரியா. அலை ஆட்டும்போது இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. ஆகவே ஒவ்வொரு பவளத்துக்கும் முழு உருவம் ஒன்று, அருகில் அளவுகோல் வைத்து நெருக்கத்தில் ஒன்று என்று படங்கள் எடுத்தேன். இரவில் கணினியில் அவற்றைப் பெரிதாக்கிச் சுவர்களைப் பார்த்தேன். இனம் வரை உறுதி கிடைக்காதபோது பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன். பட்டியல் நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஊகித்து இனப்பெயர் எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இந்தப் பதிவுகளை வைத்துத்தான் எந்த இடத்தைக் காக்க வேண்டும், எங்கே மறுநடவு செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள்.

ஒரே இடத்துக்குத் திரும்பப் போவது இந்த வேலையின் உயிர். 2016 கோடையில் கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் தம் திசுவில் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளுத்தன. உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்குக் குறைந்தது. அக்ரோபோரா, மாண்டிபோரா, பொசிலோபோரா ஆகியவை அதிகம் மாண்டன. போரைட்டிஸ் போன்ற மேட்டுப் பவளங்கள் ஓரளவு தாங்கின. தூத்துக்குடி ஆய்வாளர்கள் அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே இந்தத் தீவுகளைச் சுற்றி அளந்து வைத்திருந்ததால்தான் எவ்வளவு போனது என்பதை நம்மால் சொல்ல முடிகிறது. என் ஆய்வு அந்தப் பெரிய வேலையின் பக்கத்தில் சிறியது. என்றாலும் நாடா தொடங்கும் புள்ளி, விரிந்த திசை, ஆழம், நீரின் வெப்பம், தெளிவு ஆகிய ஐந்தையும் ஒவ்வோர் அளவீட்டோடும் எழுதினேன், பின்னால் வருகிறவர் அதே கோட்டில் நாடாவை விரிக்கட்டும் என்று.

அறிக்கையைத் துறைக்குக் கொடுத்தபோது மூல அட்டவணைகளையும் எல்லாப் படங்களையும் சேர்த்தே கொடுத்தேன். பேரினத்தோடு நின்றவற்றுக்குத் தனி அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் படத்தின் எண்ணைக் குறித்திருக்கிறேன். அடுத்த பங்குனியில் இளைய மாணவி ஒருவர் அதே புள்ளிகளில் இறங்கப்போகிறார். படகுக்கு அதே அண்ணனிடம் சொல்லிவைத்தாயிற்று.