முறிகண்டி முதலிலா, கடைசியிலா?

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று கால் வீங்கிய நாட்களில், கையிலிருந்த காசோடு கொஞ்சம் கடனும் வாங்கிப் போட்டு ஒரு கியர் சைக்கிள் எடுத்தேன். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு மறுபடி பெற்றோல் கிடைத்ததும் சைக்கிள் பத்திக்குள் போய்விட்டது. மனைவி அதன் ஹாண்டிலில் துவாய் காயப்போடத் தொடங்கினாள். இருபத்தொரு கியர் வைத்த கொடிக்கம்பி கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்திருக்கும்.

அந்தத் துவாயை எடுத்து எறிய வைத்தவர் என் நண்பரான கணக்கு வாத்தியார். ஆடி மாதத்து இரவொன்றில் விறாந்தையில் இருந்து கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வவுனியாவுக்கு வடக்கே தொடங்கி, வடக்கு நோக்கியே ஓடி, இரணைமடுக் குளத்தில் நின்று, பிறகு சுண்டிக்குளம் கடனீரேரியில் போய்ச் சேரும் கனகராயன் ஆறு நீலக் கோடாக நெளிந்தது. "இதை ஒருக்கா சுத்தி வந்தால் என்ன?" என்றார்.

சுற்றலாம்தான். ஆனால் ஆற்றின் கரையோடு ஒழுங்கான வீதி கிடையாது. கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, பரந்தன், திரும்பக் கிளிநொச்சி என்று வந்தால் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். ஆற்றின் கீழ்ப்பாதியையும் இரணைமடுவையும் நடுவில் போட்டு ஒரு வட்டம். ஆற்றை இரண்டொரு பாலத்தில்தான் காண்போம். "ஆத்தைச் சுத்துறம் எண்டுதானே சொன்னம், பாக்கிறம் எண்டு சொல்லேல்லையே," என்றான் மச்சான். மூன்றாவது ஆள் அவன். வாடகைச் சைக்கிள்.

சரி, பாதை முடிந்தது. எந்தப் பக்கமாகச் சுற்றுவது? இந்தக் கேள்வியில் மூன்று கிழமை போனது.

மச்சானுக்குப் பரந்தன் பக்கமாகத் தொடங்க வேண்டும். அப்போதுதான் ஏ9 நெடுஞ்சாலையோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயில் கடைசியில் வரும். வீட்டுக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் என்கிற வேர்க்கடலைப் பை ஒன்றை வாங்கி, மர நிழலில் காலை நீட்டலாம் என்பது அவன் கனவு. வாத்தியார் ஒப்பவில்லை. ஏ9 வீதியில் போகிற பஸ்ஸும் லொறியும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகின்றன, பயணத்தை முடித்துக்கொண்டு போய் வழித்துணை கேட்பவன் யார் என்றார். அது நியாயம்தான். பிறகு ஒரு தாளை எடுத்து நான்கு அம்புக்குறி போட்டார்.

அம்புக்குறி காற்றுக்கு. ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கும். பரந்தன் பக்கமாகப் போனால் முல்லைத்தீவு வரைக்கும் பிரச்சினை இல்லை. அங்கிருந்து மாங்குளம் வரையான ஐம்பது கிலோமீற்றரும் உச்சி வெயிலில் சோழகத்துக்கு நேர் முகம் கொடுக்க வேண்டும். மாங்குளம் பக்கமாகத் தொடங்கினால் எதிர்காற்றை விடியற்புறத்திலேயே, அது சோம்பிக் கிடக்கும்போதே முடித்துவிடலாம். அதன் பிறகு முல்லைத்தீவு வரைக்கும் காற்றே தள்ளிக்கொண்டு போகும். இன்னொன்று, ஒலுமடு, கரிப்பட்டமுறிப்புப் பக்கத்துக் காட்டுப் பாதையைப் பொழுது சாய முதல் கடந்துவிடலாம். யானையோடு கியர் மாற்றிப் பழக எங்களில் ஒருவருக்கும் விருப்பமில்லை.

"அப்ப கச்சான்?" என்றான் மச்சான்.

"கச்சானும் காத்துத்தான். மேற்கால அடிக்கிறது," என்றார் வாத்தியார். அன்றைக்கு அவன் தேத்தண்ணீர் குடிக்காமல் எழும்பிப் போனான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்தவர் பெரியப்பா. நாங்கள் எழுதிய பட்டியலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். தலைக்கவசம், கையுறை, உப்புக்கரைசல் பக்கற், மேலதிக ரியூப் இரண்டு, பஞ்சு வைத்த காற்சட்டை.

"உது என்ன பஞ்சு?"

சொன்னேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் என்ற சொல்லே வன்னியில் மறந்துபோயிருந்தபோது, அவர் சைக்கிளில்தான் எல்லாம். பாரில் அக்கா, கரியரில் பெரியம்மா, அவர் மடியில் அரிசிப் பை, ஹாண்டிலில் கோழி. "கோழியும் பஞ்சு கேக்கேல்லையடா," என்றார்.

ஒரேயொரு அறிவுரைதான் அவருடையது. "அவசரம் எண்டு பத்தைக்குள்ள இறங்காதேங்கோ. ரோட்டிலயே நில்லுங்கோ." மிதிவெடி அகற்றுகிறவர்களின் மண்டையோட்டுச் சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாத்தியார் மட்டும் பட்டியலில் தண்ணீரின் அளவை அரை லீற்றர் குறைத்தார்.

பெரிய ஓட்டத்துக்கு முதல் சின்ன ஓட்டம் ஒன்று வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரணைமடுவுக்குப் போனோம். கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு அணைக்கட்டில் ஏறினோம். குளம் வற்றிப் பாதியில் கிடந்தது. கீழே வான்கதவுகளுக்கு அந்தப் பக்கம், நாங்கள் மூன்று கிழமையாகச் சுற்றிச் சுற்றித் திட்டம் போட்ட ஆறு வெறும் மணல். நடுவில் இரண்டு மாடு படுத்து அசைபோட்டன. ஒன்று எங்களைத் திரும்பிப் பார்த்தது, பிறகு அதற்கும் அலுத்துவிட்டது. பக்கத்து வாய்க்காலில் மட்டும் சிறுபோகத்துக்குத் திறந்த தண்ணீர் சலசலவென்று ஓடியது. ஆறு வயலுக்கு வேலைக்குப் போயிருந்தது.

திரும்பும் வழியில் என் பின் ரயரில் உடைமுள் ஏறியது. மேலதிக ரியூப் இரண்டும் வீட்டு மேசையில், பட்டியலுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தன. உருட்டிக்கொண்டு போன கடையில் ஒட்டுப் போடுகிறவர், ரியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி தேடியபடி, "எங்க போட்டு வாறியள்?" என்றார்.

"இரணைமடு."

"அவ்வளவு தானோ?" தலைக்கவசத்தை ஒருமுறை பார்த்தார். "நான் மத்தியானம் சாப்பிட அங்கதான் போறனான்."

அன்று பின்னேரம் விறாந்தையில் கூட்டம் கூடியது. மச்சான்தான் தொடங்கினான். ஆற்றில் தண்ணீர் இல்லாமல் ஆற்றைச் சுற்றுவது பிழை, மாரி மழை விழுந்து குளம் நிரம்பட்டும், தைப்பொங்கல் முடியப் போவோம் என்றான். அவன் இவ்வளவு பொறுப்பாகப் பேசி நான் கண்டதில்லை. பெரியப்பாவும் தலையாட்டினார்.

வாத்தியார் தாளை விரித்து அம்புக்குறிகளைப் பார்த்தார். தையில் சோழகம் இல்லை, வடகிழக்கிலிருந்து வாடை. நான்கு அம்புக்குறியையும் ஒவ்வொன்றாக அழித்து, எதிர்ப்புறமாகப் போட்டார். இப்போது முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்குக் காற்றே தள்ளிவிடும். அப்படியென்றால் பரந்தன் பக்கமாகத்தான் தொடங்க வேண்டும்.

பென்சிலை வைத்துவிட்டு மச்சானை நிமிர்ந்து பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, இல்லாத கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருந்தான்.