பொருநைக் கர்னலில் டெர்மியோஸ்: செய்து பார்த்ததில் தெரிந்தவை

பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் பொருநை என்ற 64 பிட் எக்ஸ்86 கர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் புரோகிராம்), போன கட்டம் வரை சீரியல் போர்ட்டில் எழுத்து உள்ளே வரும், வெளியே போகும். அவ்வளவுதான். லினக்ஸுக்கென்று கம்பைல் செய்த பிஸிபாக்ஸை (ஷெல், கேட், விஐ போன்ற கட்டளைகள் ஒரே பைனரியில் அடங்கிய தொகுப்பு) ஒரு பைட் மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்பது இலக்கு. அதற்கு ரீடும் ரைட்டும் போதாது. டெர்மினல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று புரோகிராம் கேட்கவும், வேண்டியபடி மாற்றவும் வழி இருக்க வேண்டும். அந்த வழி டெர்மியோஸ்.

போசிக்ஸ் தரம் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது வரையறை) பெயர்களைத்தான் சொல்கிறது, எண்களைச் சொல்வதில்லை. ஐகேனான் (உள்ளீட்டை வரிவரியாகத் தருவது) என்று ஒரு கொடி, அதாவது ஆன்-ஆஃப் பிட், இருக்க வேண்டும் என்கும்; அது எந்த பிட் என்பது அந்தந்த சிஸ்டத்தின் பாடு. ஆனால் ஏற்கனவே கம்பைல் ஆன பைனரிக்குள் பெயர் கிடையாது, எண்தான் இருக்கிறது. ஆகவே லினக்ஸ் எண்களை அப்படியே எடுக்க வேண்டியதுதான். "நம்ம கர்னல், நம்ம வரிசை" என்று அழகாக அடுக்குவது கோட்டிக்காரத்தனம்.

கட்டமைப்பு இது. நான்கு கொடித் தொகுப்புகள்: உள்ளீடு, வெளியீடு, கட்டுப்பாடு, லோக்கல் என்ற வரிசையில், ஒவ்வொன்றும் 4 பைட். பிறகு லைன் டிசிப்ளின் (தட்டிய எழுத்துகளை வரியாகச் சேர்த்து, திருத்தி, புரோகிராமுக்குக் கொடுக்கும் பகுதி) எண்ணுக்கு 1 பைட். பிறகு கட்டுப்பாட்டு எழுத்துகளுக்கு 19 பைட். மொத்தம் 36.

இந்த 36-இல்தான் முதல் வில்லங்கம். மசல், ஜிலிப்சி என்ற இரண்டு சி லைப்ரரிகளின் ஹெடரிலும் கட்டுப்பாட்டு எழுத்து அடுக்கு 32 பைட், கடைசியில் வேகத்துக்கு இரண்டு எண்கள். நடுவில் கம்பைலர் விடும் 3 வெற்று பைட்டையும் கூட்டினால் 60 பைட். ஹெடரைப் பார்த்துவிட்டு கர்னலிலும் 60 என்று வைத்தால், மசலோடு கட்டிய பிஸிபாக்ஸ் ஒழுங்காக ஓடும். அது தன்னுடைய 60 பைட் இடத்தை நேரடியாகக் கர்னலிடம் நீட்டுகிறது. 2.42-க்கு முந்தைய ஜிலிப்சி அப்படியில்லை. அது ஸ்டாக்கில் 36 பைட் இடம் ஒதுக்கி அதைக் கொடுத்து, வந்ததைப் பிறகு தன் 60 பைட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். கர்னல் 60 எழுதினால் 24 பைட் ஸ்டாக்கில் மிதித்துவிடும். புரோகிராம் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். ஒரு லைப்ரரியோடு மட்டும் சோதித்தால் இது வெளியே தெரியாது.

லைன் டிசிப்ளினுக்கான அந்த ஒற்றை பைட்டை விட்டுவிட்டால் இன்னொரு வேடிக்கை. கட்டுப்பாட்டு எழுத்துகள் எல்லாம் ஓரிடம் தள்ளிப் போகும். சரியான அடுக்கு ஆக்டலில் இப்படி: 3, 34, 177, 25, 4, 0, 1, 0, 21, 23, 32, 0, 22, 17, 27, 26, 0. கடைசி இரண்டு இடமும் 0. முதலிலிருந்து: குறுக்கீடு, வெளியேற்றம், அழிப்பு, வரி அழிப்பு, கோப்பு முடிவு, விடைம், விமின் (இவை இரண்டும் பின்னால் வருகின்றன), பயன்படாத ஓரிடம், தொடக்கம், நிறுத்தம், இடைநிறுத்தம். மிச்சம் சில்லறை. டெர்மினல் நிலையைக் காட்டும் எஸ்டிடிஒய் கட்டளையில் கழித்தல் ஏ போட்டுப் பாருங்கள். குறுக்கீட்டுக்கு கண்ட்ரோல்-பின்சாய்வு, அழிப்புக்கு கண்ட்ரோல்-யூ, வரி அழிப்புக்கு கண்ட்ரோல்-டி என்று காட்டினால், அந்த ஒரு பைட் போச்சு என்று அர்த்தம். வேறெங்கும் தேட வேண்டாம்.

தொடக்க மதிப்புகளை லினக்ஸ் வைப்பதுபோலவே வைத்தோம்: உள்ளீடு ஹெக்ஸ் 500, வெளியீடு 5, கட்டுப்பாடு 4பிஎஃப், லோக்கல் 8ஏ3பி. உள்ளீட்டில் மட்டும் தமிழுக்காக ஒரு பிட் கூட்டினோம். அது பின்னால் வருகிறது. கொடிகளில் உண்மையில் வேலை செய்பவை எட்டொன்பதுதான். ஐசிஆர்என்எல், ஐஎக்ஸ்ஆன் (கண்ட்ரோல்-எஸ், கண்ட்ரோல்-கியூவால் வெளியீட்டை நிறுத்தித் தொடங்குவது), ஓபோஸ்ட் (வெளியீட்டு மாற்றங்களுக்கான பொதுச் சுவிட்ச்), ஓஎன்எல்சிஆர், ஐசிக் (சிக்னல் விசைகள்), ஐகேனான், எக்கோ (தட்டியதைத் திரையில் காட்டுவது), எக்கோஈ (அழித்ததைத் திரையிலும் அழிப்பது), எக்கோசிடிஎல் (கண்ட்ரோல் எழுத்தை ^ குறியோடு காட்டுவது). மற்றதைச் செயல்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் வந்ததை வந்தபடி சேமித்து, கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். விஐ மாதிரியான புரோகிராம்கள் பழைய நிலையை வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது திருப்பி வைக்கின்றன. தெரியாத பிட்டைக் கர்னல் துடைத்துவிட்டால் திரும்ப வைப்பது பொய்யாகிவிடும்.

ஐஆக்டில் (சாதனத்தைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம் அழைப்பு) எண்கள்: நிலையைக் கேட்க ஹெக்ஸ் 5401, மாற்ற 5402, 5403, 5404. கடைசி மூன்றுக்கும் வித்தியாசம் உண்டு. 5402 உடனே மாற்றும். 5403 வெளியே போக வேண்டிய எழுத்தெல்லாம் போன பிறகு மாற்றும். 5404 அதோடு, படிக்காமல் கிடக்கும் உள்ளீட்டையும் கொட்டிவிடும். மூன்றையும் ஒன்றாக எழுதினால் பெரும்பாலும் ஓடும்; பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் முன்கூட்டியே தட்டிய எழுத்து பாஸ்வேர்டாகப் போய்ச் சேரும்.

இவற்றோடு 5413-ஐயும் சேர்த்து எழுதிவிடுங்கள். அது திரையின் வரி, கட்ட எண்ணிக்கையைச் சொல்லும் அழைப்பு. இது எதற்கு இப்போதே என்று தோன்றும். மசலின் பிரிண்ட்எஃப் முதல்முறை எழுதும்போது இந்த அழைப்பைப் போட்டுத்தான் எதிரே இருப்பது டெர்மினலா என்று தெரிந்துகொள்கிறது. பிழை வந்தால் "இது கோப்பு" என்று முடிவு செய்து, பஃபர் நிரம்பும்வரை ஒன்றையும் வெளியே விடாது. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும், திரை வெறுமையாக இருக்கும். சீரியல் டிரைவரைக் குடைவதற்கு முன் இதைப் பாருங்கள். 24 வரி, 80 கட்டம் என்று நிலையாகக் கொடுத்தாலே போதும்.

அடுத்தது லைன் டிசிப்ளின். சோலியே இங்கேதான் இருக்கிறது.

பஃபர் அமைப்புக்கு எம்ஐடி பாடக் கர்னலான எக்ஸ்வி6 நல்ல முன்மாதிரி: ஒரு வட்ட பஃபர், மூன்று எண்கள். படித்த இடம், முடிந்த வரியின் எல்லை, இப்போது தட்டிக்கொண்டிருக்கும் இடம். பேக்ஸ்பேஸ் மூன்றாவது எண்ணை மட்டும் பின்னுக்கு நகர்த்தும், இரண்டாவதைத் தாண்டாது. என்டர் வந்ததும் இரண்டாவது எண் மூன்றாவதோடு சேரும், தூங்கும் ரீட் எழும். அங்கே பஃபர் 128 பைட். நாங்கள் லினக்ஸ் போல 4096 வைத்தோம். 4095-க்கு மேல் வரும் எழுத்தைத் தூக்கிப் போடலாம், ஆனால் வரிமுடிவுக்குக் கடைசி இடத்தைக் காலியாக வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நிரம்பிய வரியை முடிக்க வழியே இல்லாமல் டெர்மினல் அப்படியே நின்றுவிடும்.

என்டர் விசை அனுப்புவது 13. வரிமுடிவு 10. நடுவில் மாற்றுவது ஐசிஆர்என்எல். அது வேலை செய்யாவிட்டால் எத்தனை என்டர் தட்டினாலும் வரி முடியாது. எதிர்ப்பக்கம் ஓஎன்எல்சிஆர் இல்லாவிட்டால் வெளியீடு படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போகும்.

கண்ட்ரோல்-டியில் எக்ஸ்வி6-ஐப் பின்பற்றாதீர்கள். அதில் சில எழுத்துகளுக்குப் பிறகு ஒரு கண்ட்ரோல்-டி தட்டினால், முதல் ரீடுக்கு எழுத்தும் அடுத்த ரீடுக்குப் பூஜ்யமும் கிடைக்கும். லினக்ஸில் அந்த ஒன்று எழுத்தை மட்டும் தள்ளிவிடும். பூஜ்யம் வர இன்னொன்று தட்ட வேண்டும். கண்ட்ரோல்-டி என்பது "இதுவரை உள்ளதைக் கொடு" என்பதுதான். கொடுக்க ஒன்றுமில்லாதபோது பூஜ்யம் கிடைக்கிறது, அதைப் புரோகிராம் கோப்பு முடிவு என்று எடுத்துக்கொள்கிறது. பஃபரில் அதற்கு 4 என்ற எழுத்தை அப்படியே வைக்காமல் தனி அடையாள பிட் வையுங்கள். பயனர் கண்ட்ரோல்-வி தட்டிவிட்டு நிஜமாகவே 4-ஐ அனுப்பலாம்.

எக்கோ இன்ட்ரப்ட் ஹேண்ட்லருக்குள் (விசை வந்ததும் நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓடும் பகுதி) நடக்கிறது. ஒரு பிராசஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியீட்டுப் பூட்டைப் பிடித்திருக்கும். அதே சிபியூவில் விசை இன்ட்ரப்ட் வந்து எக்கோ அதே பூட்டைக் கேட்டால் இருவரும் நிரந்தரமாக நிற்பார்கள். பூட்டைப் பிடிக்கும்போது இன்ட்ரப்டை அணைப்பது கட்டாயம். எக்கோ தூங்கவும் கூடாது. போர்ட் காலியாகும்வரை சுற்றிக் காத்திருந்து எழுத வேண்டும்.

பிஸிபாக்ஸில் உள்ள ஆஷ் ஷெல்லின் பிராம்ப்ட்டில் தட்டிப் பார்த்து "எல்லாம் சரி" என்று முடிவு கட்ட வேண்டாம். அது வரித் திருத்தத்தைத் தானே செய்துகொள்ள ஐகேனானையும் எக்கோவையும் அணைத்துவிடுகிறது. மேலே சொன்ன பஃபர் வேலை எதுவும் அங்கே ஓடாது. வெறும் கேட் கட்டளையைத் தட்டி அதற்குள் எழுதி அழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அப்படி அழித்துப் பார்க்கும்போது தமிழில் தட்டுங்கள். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி (யூனிகோடில் தனி எண் உள்ள வடிவம்) 3 பைட். நெல்லை என்ற சொல்லில் ந, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி என ஆறு குறிகள், 18 பைட். ஐயூடிஎஃப்8 கொடி இல்லாவிட்டால் ஒரு பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டைத்தான் எடுக்கும். பஃபரில் அரைகுறையாக இரண்டு பைட் மிஞ்சும், திரையில் ஒரு கட்டம் போயிருக்கும். அதனால்தான் தொடக்க உள்ளீட்டுக் கொடியை 500-க்குப் பதில் 4500 என்று வைத்தோம். கொடி இருந்தால் அழிப்பு, தொடர் பைட்டுகளைத் தாண்டி முதல் பைட்வரை போகும்.

பஃபர் சரியாகிவிடும், திரை சரியாகாது. எக்கோஈ ஒவ்வொரு குறிக்கும் பின்னகர்வு, இடைவெளி, பின்னகர்வு என்று மூன்று பைட் அனுப்புகிறது. ஆனால் கட்டக் கணக்கு வைத்து நகர்த்தும் டெர்மினல்களில் புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் தனிக் கட்டம் கிடையாது. முந்தைய எழுத்தின் மேலேயே உட்காரும். நெல்லைக்குத் திரையில் ஐந்து கட்டம், அழிப்பு ஆறு. பிராம்ப்ட்டின் கடைசி இடைவெளியைத் தின்றுவிடும். அம்பாசமுத்திரம் என்றால் 15 குறி, 12 கட்டம், மூன்று எழுத்து பறிபோகும். பாளை என்று தட்டிச் சோதித்தவருக்குப் பிழையே தெரியாது. அதில் புள்ளியும் இல்லை, ஈகாரமும் இல்லை.

எங்கள் தீர்வு சிறியது. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் கட்டம் இல்லாத குறிகள் மூன்றே: 0பி82, 0பிசி0, 0பிசிடி. அழிக்கப்படுவது இவற்றில் ஒன்றாக இருந்தால், பின்னகர்வு ஒன்றை அனுப்பி, அதற்கு முந்தைய எழுத்தை மறுபடி அச்சிடுகிறோம். ல் என்பதில் புள்ளியை அழித்தால் அதே கட்டத்தில் ல புதிதாக விழும், புள்ளி போய்விடும். இது கர்னலில் இருக்க வேண்டிய வேலையா என்று கேட்டால், இல்லைதான். லினக்ஸும் செய்வதில்லை. ஆனால் மூன்று எண்ணுக்காக ஒரு ஒப்பீடு. ஊர்ப்பெயர் தட்டினால் பிராம்ப்ட் காணாமல் போவதைவிட இது தேவலை.

ரா நிலையில் (ஐகேனான் அணைந்திருக்கும்போது) விமின், விடைம் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். விடைமின் அலகு பத்தில் ஒரு விநாடி. விமின் பூஜ்யமாக இருந்தால் கடிகாரம் ரீட் தொடங்கியதும் ஓடும். விமின் 1 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் பைட் வந்த பிறகுதான் ஓடும். இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால், யாரும் விசை தொடாதபோதே ரீட் பூஜ்யத்தோடு திரும்பி, ஷெல் அதைக் கோப்பு முடிவாக எடுத்துக்கொண்டு வெளியேறும்.

கியூஇஎம்யூ என்ற மென்பொருள் இயந்திரத்தில் சோதிக்கும்போது சீரியலுக்கு மான்:எஸ்டிடிஐஓ என்று கொடுங்கள். வெறும் எஸ்டிடிஐஓ என்றால் கண்ட்ரோல்-சி கியூஇஎம்யூவையே கொன்றுவிடும்.

நிஜ இயந்திரத்துக்குப் பழைய சாமான் கடையில் எடுத்த, ஒன்பது முள் போர்ட் உள்ள டெஸ்க்டாப். போர்ட் ஹெக்ஸ் 3எஃப்8, இன்ட்ரப்ட் 4. கேபிளில் 2, 3 முள்களைக் குறுக்கே மாற்றி, 5-ஐ நேராக இணைத்தால் போதும். மறுமுனையில் ஆர்எஸ்-232 யூஎஸ்பி மாற்றி வேண்டும், 3.3 வோல்ட் டிடிஎல் மாற்றியை நேரடியாகச் செருகினால் அது எரியும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் நீளக் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. முதலில் போவது லெவல் மாற்றும் சிப்தான்.

கியூஇஎம்யூவில் தெரியாத ஒன்று இங்கே தெரியும். வேகம் 115200 என்றால் விநாடிக்கு 11520 பைட். சீரியல் சிப்பின் ஃபைஃபோ (வந்த பைட்டுகள் காத்திருக்கும் வரிசை) 16 பைட். அதன் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் பலரும் எழுதும் ஹெக்ஸ் சி7 மதிப்பு, 14 பைட் சேர்ந்த பிறகே இன்ட்ரப்ட் கொடுக்கும். மிச்சம் இரண்டு பைட், அதாவது சுமார் 174 மைக்ரோவிநாடி. அதற்குமேல் இன்ட்ரப்ட் அணைந்திருந்தால் பேஸ்ட் செய்த உரையில் எழுத்து விடுபடும். 87 என்று மாற்றினால் எட்டிலேயே இன்ட்ரப்ட் வரும், சுமார் 694 மைக்ரோவிநாடி கிடைக்கும். விடுபட்டதா என்று பார்க்க, நிலைப் பதிவேட்டின் 1ஆம் பிட்டை எண்ணி வையுங்கள்.

கண்ட்ரோல்-சி இப்போதைக்குத் திரையில் எக்கோ ஆகிறது, உள்ளீட்டைக் கொட்டுகிறது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கடைசிப் பிராசஸுக்கு மட்டும் சிக்னல் அனுப்புகிறது. பைப்பில் இரண்டு கட்டளை ஓடினால் ஒன்றுதான் சாகும். பிராசஸ் குழு எண்ணும், அதைக் கேட்கும் 540எஃப், வைக்கும் 5410 அழைப்புகளும் வரும்வரை ஆஷ் தொடங்கும்போதெல்லாம் ஜாப் கன்ட்ரோலை அணைத்துவிட்டதாக ஒரு வரி முணுமுணுக்கும். அடுத்த வேலை அதுதான்.