சீட்டில் எழுதாத வேலை

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதினேன். விற்பனை ரசீது, மணல், சிமென்ட் வரவு, ஆட்களின் வாரக்கூலி எல்லாம் டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சொல்லித்தர யாருமில்லை. இரவில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டு, முதல் மாதக் கணக்கைத் தாக்கல் செய்தேன். ஐ.டி. வேலைக்குப் போகலாம் என்ற எண்ணம் அன்றைக்கு முளைத்தது. துணிவு வருவதற்குள் வயது முப்பத்துமூன்று ஆகிவிட்டது.

முதலில் போய் நின்றது, வாசலில் பெரிய பலகை வைத்திருந்த ஒரு பயிற்சி மையத்தில். நான்கு மாதத்தில் ஃபுல் ஸ்டாக் (இணையதளத்தின் முன்பக்கம், பின்புலம் இரண்டையும் உருவாக்கும் வேலை), நூறு சதவீதம் வேலை உறுதி, கட்டணம் 75,000 ரூபாய். கையில் பணம் இல்லாவிட்டால் மாதத் தவணை என்றார்கள். முன்பணமாக 5,000 ரூபாய் கட்டிவிட்டு, தவணைப் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காகிதத்தைக் கடைசி வரி வரை படிப்பது கணக்கு எழுதுகிறவர்களின் பழக்கம். அது மையத்துக்குக் கட்டும் தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கொடுக்கும் கடன். மையம் தன் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். வகுப்பு பிடிக்காமல் நான் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது.

பட்டறையில் ஆண்டுக்கணக்குச் சரிபார்க்க வரும் பெரியவரிடம் படிவத்தைக் காட்டினேன். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, சின்ன வயதிலேயே பர்மாவுக்குக் கப்பல் ஏறி, வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். பெட்டியடியில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே, அன்றாட வரவுசெலவை எழுதும் குறிப்பும் பேரேடும் எழுதப் பழக வேண்டும். கை தேறிய பிறகு அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள்.

பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான். “அப்பச்சி ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சம்பளம் எவ்வளவு, எத்தனை வருடம் என்று சம்பளச் சீட்டு எழுதிவிட்டார்கள். வேலை உறுதி என்கிறார்களே, அதை உனக்கு எழுதித் தந்தார்களா, ஆத்தா?”

மறுநாள் போய்க் கேட்டேன். எழுதித் தர மறுத்துவிட்டார்கள். வேலை உறுதி என்றால் நேர்காணலுக்கு அனுப்பிவைப்பது மட்டும்தான் என்று அப்போதுதான் விளக்கினார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை. அந்த 5,000 ரூபாயை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அது என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்துவைத்திருந்த பணம்.

அதன் பிறகு யாரையும் நம்பிப் பணம் கட்டும் முன், இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா என்று செலவில்லாமல் பார்த்துவிட முடிவு செய்தேன். இணையவழிப் பாடங்கள் தரும் என்.பி.டி.இ.எல். தளத்தில் காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்திய தரவுத்தள மேலாண்மைப் பாடம் இருந்தது. எட்டு வாரம். படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் அப்போது 1,000 ரூபாய் கட்டி நேரில் தேர்வு எழுத வேண்டியிருந்தது. வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. ஆங்கில விரிவுரையை இரண்டு முறை, சில நாள் மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டேன். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, தரவை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் இந்த முறை என்று படித்தபோது, பேரேட்டையும் குறிப்பையும் தனித்தனியாக வைத்து ஒன்றுக்கொன்று தொடர்புபடுத்துகிற வேலையை நான் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதாகத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளியின் அனுமதியோடு, மூன்று மாத ரசீதுகளை டாலியிலிருந்து எடுத்து இரண்டு அட்டவணைகளாக ஏற்றினேன். ஒன்றில் ரசீதுகள், இன்னொன்றில் வாடிக்கையாளர் விவரம். இரண்டையும் பெயரை வைத்து இணைத்து (இதை ஜாயின் என்பார்கள்) மொத்தம் போட்டால், பேரேட்டைவிட 84,000 ரூபாய் கூடுதலாக வந்தது. கட்டளையில் பிழை எதுவும் காட்டவில்லை. வரி வரியாகத் தேடிப் பார்த்தேன். கானாடுகாத்தானில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் ஒருவரின் பெயர் வாடிக்கையாளர் அட்டவணையில் இரண்டு முறை ஏறியிருந்தது. அதனால் அவருடைய ரசீது ஒவ்வொன்றும் இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. ஒரு வரியை நீக்கியதும் கணக்கு நேரானது. அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். எனக்கு ஏற்றது ஃபுல் ஸ்டாக் அல்ல, தரவு வேலைதான் என்பது அந்த மேசையில் முடிவானது.

இதைத் துறை மாற நினைக்கும் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். நேற்றுவரை செய்த வேலையை மூட்டைகட்டிப் போட்டுவிட்டு, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டியதில்லை. மொத்தம் தப்பு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது, ஒன்பது ஆண்டுப் பழக்கத்தால்.

கட்டணப் பயிற்சியும் பிறகு தேவைப்பட்டது. தனியாகப் படித்தால் சந்தேகம் கேட்க ஆளில்லை. இந்த முறை தேடியது வேறு மாதிரி. பட்டறையில் புதிதாகச் சேரும் பையன் பல வாரம், கல் வார்க்கும் கண்ணாடித் தகட்டைத் துடைத்துத் துடைத்தே பழகுவான். பிறகு ஒற்றை வண்ணக் கல். கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கரண்டியால் வண்ணம் ஊற்றுகிற பூ வேலை கடைசியில்தான் கைக்கு வரும். அதனால் எல்லா இடத்திலும் இதையே கேட்டேன்: வாரத்தில் எத்தனை மணி நேரம் நானே கை வைத்துச் செய்வேன்? ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா? பலர் பதில் சொல்லவில்லை. மதுரையில் ஞாயிறு வகுப்பு நடத்தும் ஒருவர், இரண்டு வாரம் வந்து பாருங்கள், பிடித்தால் பணம் கட்டுங்கள் என்றார். வகுப்பில் பன்னிரண்டு பேர். 18,000 ரூபாய், மூன்று தவணை, நேராக அவரிடமே. வேலை வாங்கித் தர முடியாது, நேர்காணலுக்குத் தயார்செய்ய முடியும் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆறு மாதம் விடியற்காலை பஸ்ஸில் போய்வந்தேன்.

ஏழாவது நேர்காணலில் வேலை கிடைத்தது. தரவுகளைச் சரிபார்க்கும் பணி, பட்டறையில் வாங்கியதைவிடச் சம்பளம் 2,000 ரூபாய் குறைவு. அதை ஏற்றுக்கொள்ள வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

பணி ஆணையைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். வேலையை விடுவதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்ற வரியில் விரலை வைத்து, “இது அவர்களுக்கும் பொருந்துமா?” என்றார்.

“பொருந்தும் ஐயா. கேட்டேன், அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்” என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.