நாலாவது ரெப்புல நிறுத்தினது

"வலிக்கவே இல்லையே சார், எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க?"ன்னு ஜிம்முல என்கிட்ட பயிற்சி எடுக்கறவர் கேட்டார். டெட்லிஃப்ட், அதாவது தரையில கிடக்கற வெயிட் மாட்டின கம்பியை (பார்) நிமிர்ந்து நிக்கற வரைக்கும் தூக்கறது. 100 கிலோ, நாலாவது ரெப், அதாவது தொடர்ச்சியா நாலாவது தடவை. பார் தரையை விட்டுக் கிளம்புறதுக்குள்ள இடுப்பு மட்டும் மேல வந்துடுச்சு, கீழ்முதுகு வளைய ஆரம்பிச்சுது, பாரும் காலை விட்டு முன்னாடி போகுது. கீழ வைங்கன்னேன். ட்ரெய்னரா இருந்துட்டு அதைப் பாத்துட்டு சும்மா நிக்க முடியாதுங்க. பக்கத்துக்கு ஒரு 20 ப்ளேட்டை உருவிட்டு 10 மாட்டி 80க்கு இறக்கிட்டேன்.

உடனே போனை எடுத்து கான்ஸ்டன்டினோவ்ஸ் வீடியோவைக் காட்டுறார். லாட்வியாக்கார பவர்லிஃப்டர், 2009ல இடுப்புக்கு பெல்ட்கூட கட்டாம 426 கிலோ டெட்லிஃப்ட், முதுகு வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. "இவருக்கு மட்டும் எப்படி சார்?" நான் சொன்னது, "அவர் வேற, நீங்க வேற." அவ்ளோதான், பேசாம போய் 80ஐத் தூக்கினார்.

அந்தப் பதிலைத்தான் இன்னும் மனசுக்குள்ள ஓட்டிட்டு இருக்கேன். தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுல விஷயமே இல்லையே. கான்ஸ்டன்டினோவ்ஸ் முதுகை வளைச்சுட்டுதான் பாரையே இழுக்க ஆரம்பிக்கிறார், மேல வர்ற வரைக்கும் அந்த வளைவு பெருசா மாறாது, உங்களுக்கு நேரா ஆரம்பிச்ச முதுகு பாரம் ஏறினதும் பாதியில இளகுதுன்னு சொல்லியிருக்கலாம். சரி, அதுவும் முழுசா இல்ல. முதுகு வளைஞ்சாலே காயம்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு எனக்கே தெரியும், மெல்ல மெல்லப் பழக்கினா உடம்பு நிறையவே தாங்கும், திடுதிப்புன்னு வெயிட் ஏத்தும்போதுதான் பல பேர் மாட்டிக்கிறாங்க. இதையெல்லாம் ரெண்டு செட்டுக்கு நடுவுல சொன்னா அவர் காதுல என்ன விழும்? "வளைக்கலாம்"ங்கறது மட்டும்தான் விழும். அதனால சுருக்கமா சொன்னது சரிதான்னு தோணும், கொஞ்ச நேரத்துல இல்லைன்னும் தோணும்.

ஏன்னா இப்போ ஒவ்வொரு ரெப்புக்கும் கழுத்தைப் பக்கவாட்டுல திருப்பி கண்ணாடில முதுகைப் பாக்கறார். அதுவே ஃபார்மை, அதாவது தூக்கற முறையைக் கெடுக்குது! மூச்சை வயித்துக்குள்ள இழுத்து இறுக்குங்க, பாரைக் காலோட உரசிட்டே கொண்டு வாங்கன்னா, "முதுகு ரவுண்ட் ஆகுதா சார்?"ங்கறார், 60 கிலோவுக்கும் அதே கேள்வி. இதுவரைக்கும் அவருக்கு அடி எதுவும் படல. அது நான் நிறுத்தினதாலயா, எப்படியும் பட்டிருக்காதா, யாரு கண்டா.

நேத்து மறுபடி 100 போடலாமான்னு கேட்டார். முதல்ல அந்தக் கழுத்து திரும்புறது நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். திரும்பவும் ஃபார்மைத்தான் காரணம் சொல்றேன் பாருங்க.