என் குரலுக்கு ஒரு வேலை கிடைத்தது

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும்போது மரம் நடுவோம், ரத்த தான முகாமில் நிற்போம் என்றுதான் நினைத்தேன். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம் அது. இரண்டு வருடத்தில் 240 மணி நேர சேவை, ஒரு கிராம முகாம்.

எனக்குக் கிடைத்தது ஸ்கிரைப் வேலை. பார்வையற்றவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வுத்தாளில் எழுத வேண்டும். நம் சொந்தச் சரக்கு ஒரு சொல்கூடச் சேரக் கூடாது. அவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, அதனால் மூன்று மணி நேரத் தேர்வு நான்காகும்.

முதுகலை வரலாறு படிக்கும் ஒரு அக்காவுக்கு எழுதினேன். கேள்வித்தாளை முழுசாக வாசிக்கச் சொல்வார். விரலால் மேசையைத் தட்டியபடி எதை முதலில் எடுப்பது என்று கணக்குப் போடுவார். அப்புறம்தான், "சரிம்மா, எழுது." பாதி வாக்கியத்தில் அவர் யோசிக்க நின்றால் நானும் பேனாவோடு நிற்பேன். வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வாசிச்சா பாதி பதட்டம் போயிடுது" என்றார்.

வகுப்பில் எழுந்து பேசவே தயங்குகிறவள் நான். நிதானமாக வாசிப்பதும் காத்திருப்பதும் ஒரு திறமை என்று எந்த மதிப்பெண் பட்டியலும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது அவருடைய பாடங்களையும் ஒலிப்பதிவு செய்து அனுப்புகிறேன். நிலப்படம் வந்தால்தான் சவால், ஆறு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக்கூட வாயால் வரைய வேண்டும். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

எழுத ஆள் கிடைக்காமல் தேர்வுக்கு முந்தின நாள் வரை அலைகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கைகளே, தம்பிகளே, உங்கள் கல்லூரியில் கேட்டுப் பெயர் கொடுங்கள்.