வராதவர்கள் பக்கம்: ஒரு ஓபி நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

ஓபியில், அதாவது புறநோயாளிகள் பிரிவில், 20 பேர், ஆளுக்கு 15 நிமிடம். அதில் 4 பேர் வரவில்லை என்றால் போனது ஒரு மணி நேரம். அதுவும் மொத்தமாகக் கிடைப்பதில்லை, கால் கால் மணியாகச் சிதறிப்போகிறது. வேறு நோயாளியை அழைத்து உட்காரவைக்கவும் முடியாது.

பதிவேட்டில் அந்த 4 பேருக்கும் "வரவில்லை" என்று ஒரே சொல்தான். ஒருவர் மறந்திருப்பார். ஒருவருக்கு வலி நின்றிருக்கும். இன்னொருவர் நோய் முற்றி வேறு மருத்துவமனையில் படுத்திருப்பார். நான்காமவர் தேதியை மாற்றக் கேட்டு மூன்று முறை போன் போட்டுப் பார்த்து, யாரும் எடுக்காமல் விட்டிருப்பார். எல்லோரையும் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டால் எதையும் சரிசெய்ய வழியில்லை.

ஜூன் 4, புதன்

அதிகம் கேட்கும் காரணம் மறதி. பதிவு செய்த நாளுக்கும் பார்க்கும் நாளுக்கும் இடைவெளி கூடக்கூட வராதவர்களும் கூடுவார்கள். நாளை மறுநாள் வரச் சொன்னவர் நினைவில் வைத்திருப்பார். 3 மாதம் கழித்து என்றால் சீட்டே கையில் இருக்காது. அதற்குள் வேலை மாறும், ஷிஃப்ட் மாறும், போன் நம்பரும் மாறும்.

சீட்டையும் பார்க்க வேண்டும். "03/07" என்று எழுதினால் சிலர் ஜூலை 3 என்பார்கள், சிலர் மார்ச் 7 என்பார்கள். "12.30" பகலா இரவா என்று கேட்கமாட்டார்கள், ஆனால் "8.00" காலையா மாலையா என்று குழம்புவார்கள். "6 வாரம் கழித்து வாங்க" என்பது தேதியே இல்லை. "ஜூலை 3, வியாழன், காலை 8 மணி, 2ஆம் மாடி, அறை 14" என்று முழுதாக எழுத வேண்டும். கவுண்டரில் இருப்பவர் எழுதுவதைவிட, தேதியை நோயாளியையே எழுதச் சொல்வது நல்லது. தன் கையால் எழுதியது மனதில் நிற்கும், கிழமை ஒத்துவராவிட்டால் அங்கேயே சொல்லிவிடுவார்.

ஜூன் 9, திங்கள்

பலர் கவனிக்காத காரணம் ஒன்று: பரிசோதனை எடுக்கவில்லை, அதனால் மருத்துவரிடமும் போகவில்லை. தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட்டோடு மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் என்றால் இரண்டு நாள் சம்பளம் போகிறது. முதல் நாளைத் தவறவிட்டவர், "ரிசல்ட் இல்லாமல் போனால் திட்டுவார்கள்" என்று இரண்டாவது நாளையும் விட்டுவிடுகிறார்.

சர்க்கரை நோயாளிகளிடம் இது இன்னும் கொடுமை. கடந்த சில மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதைச் சொல்லாததால், காலையில் சாப்பிட்டுவிட்டோமே என்று பயணத்தையே கைவிடுகிறவர்கள் உண்டு. சீட்டில் "சாப்பிட்டுவிட்டு வரலாம்" என்று எழுதினாலே போதும். திட்டு விழும் என்ற பயத்துக்கும் ஒரு வரி வேண்டும்: "டெஸ்ட் எடுக்காவிட்டாலும் வாருங்கள்."

ஜூன் 13, வெள்ளி

நினைவூட்டும் குறுஞ்செய்தி பலன் தருகிறது. ஒன்றும் அனுப்பாததைவிட நிச்சயம் மேல், போனில் கூப்பிட்டுச் சொல்வதற்கும் ஏறக்குறைய சமம். ஆனால் முதல் நாள் இரவு மட்டும் அனுப்பினால் வர முடியாதவருடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க நேரம் இருக்காது. ஒரு வாரம் முன்பு ஒன்று, முதல் நாள் ஒன்று என இரண்டாக அனுப்பலாம்.

"ஜூலை 3 வியாழன் காலை 8 மணிக்கு நரம்பியல் ஓபி, அறை 14. வருவதானால் 1, தேதி மாற்ற 2 என்று பதில் அனுப்புங்கள்."

இவ்வளவு போதும். அந்த 2 முக்கியம். ரத்து செய்வது வராமல் இருப்பதைவிடக் கடினமாக இருக்கும்வரை யாரும் ரத்து செய்யமாட்டார்கள். பொது இடத்தில் போன் திறந்திருக்கும் என்பதால், பாலியல் நோய், மனநலம் போன்ற பிரிவுகளின் பெயரைச் செய்தியில் போடாமல் அறை எண்ணோடு நிறுத்த வேண்டும். 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், வராவிட்டால் மருத்துவமனைக்கு ஆகும் செலவைத் தொகையாகவே செய்தியில் சேர்த்தபோது வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 ஆகக் குறைந்தார்கள். அங்கே மாறியது செய்தியில் ஒரு வரிதான்.

ஜூன் 16, திங்கள்

4 பேர் வரமாட்டார்கள் என்று 24 பேருக்கு நேரம் கொடுப்பது ஆபத்தான பழக்கம். 24 பேரும் வந்தால் கடைசி ஆள் கூடுதலாக ஒரு மணி நேரம் காத்திருப்பார். அடுத்த முறை வராதவர் அவராகத்தான் இருப்பார்.

ஜூன் 18, புதன்

வராதவர்களைக் கூப்பிடும்போது வரிசை முக்கியம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர், வலிப்பு மாத்திரை தீரும் தறுவாயில் இருப்பவர், புற்றுநோய்ச் சந்தேகத்தில் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவுக்குக் காத்திருப்பவர், இவர்களை அன்றே கூப்பிட வேண்டும். "ஏன் வரவில்லை?" என்று தொடங்கினால் பொய்க்காரணம்தான் வரும். "எந்த நாள், எந்த நேரம் உங்களுக்குத் தோது?" என்று கேட்டால் பஸ், கூலி, பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழந்தை எல்லாம் தானே வெளியே வரும். அதைக் குறித்துக்கொண்டு, போனை வைக்குமுன் நம்பர் சரிதானா என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.