லல்லாவைத் தேடி நுந்த் ரிஷியின் வாசலுக்கு

ஸ்ரீநகரிலிருந்து சரார்-இ-ஷரீஃப் போகும் வழியெல்லாம் என் மனதில் லல்லாதான். 14ஆம் நூற்றாண்டில் காஷ்மீரி மொழியில் 'வாக்' என்னும் குறும்பாடல்கள் பாடிய சிவயோகினி. பாம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். மாமியார் தட்டில் கல்லை வைத்து, மேலே மெல்லிசாகச் சோற்றைப் பரப்பிக் கொடுப்பாராம். பார்க்கிறவர்களுக்குத் தட்டு நிறையச் சோறு. லல்லா அந்த ஒரு பிடியைச் சாப்பிட்டுவிட்டு, கல்லைக் கழுவி எடுத்து வைத்துவிடுவாராம். இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பிறகு வீட்டை விட்டுப் பாடிக்கொண்டே அலைந்தவருக்கு, போய் விழுந்து கும்பிட எல்லோரும் ஒப்புக்கொண்ட சமாதி கிடையாது. அதனால்தான் சரார்-இ-ஷரீஃபில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி நுந்த் ரிஷியின் தர்காவுக்கு வந்தேன். பிறந்தபோது அவர் பால் குடிக்க மறுத்தாராம். அங்கே வந்த லல்லா, "பிறக்க வெட்கப்படவில்லை, குடிக்க மட்டும் என்ன வெட்கம்?" என்று கேட்டுத் தானே பாலூட்டினார் என்பது காஷ்மீரில் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து 'ஷ்ருக்' என்னும் ஞானப் பாடல்கள் பாடிய நுந்த் ரிஷி என்கிற ஷேக் நூருத்தீன். 'காடு இருக்கும்வரைதான் சோறு' என்றவர். 'பத்மான்பூர் லல்லா அமுதை மடக்கு மடக்காகக் குடித்தாள், இறைவா, அதே வரத்தை எனக்கும் கொடு' என்று கேட்டவரும் அவர்தான். பத்மான்பூர்தான் இன்றைய பாம்பூர்.

கடைத்தெருவில் பிரம்பு பின்னிய காங்கிடிகள் அடுக்கியிருந்தன. குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் கணப்புச் சட்டி. இந்த ஊர்க் காங்கிடிக்குத் தனிப் புகழ் உண்டு. தர்கா 1995 மே மாதம் எரிந்து, திரும்பக் கட்டியது.

செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்கள் நிற்கும் பக்கமாக மரச் சல்லடைத் தடுப்பருகே போனேன். கண்ணுக்குக் கண் நேர்ச்சைக் கயிறுகள். வெயிலில் வெளுத்தவை, நேற்றுக் கட்டியதுபோல் சிவந்தவை. நானும் ஒரு நூலைக் கட்டப் பார்த்தேன். முறுக்கில்லாத நூல், பிரிந்து பிரிந்து நழுவியது. எனக்கு லல்லாவின் வாக்கு நினைவுக்கு வந்துவிட்டது: முறுக்காத நூலால் கடலில் படகை இழுக்கிறேன், சுடாத மண்கலத்து நீராய்க் கசிந்து போகிறேன், வீடு போய்ச் சேரத் தவிக்கிறது உயிர்.

அதன் காஷ்மீரி முதலடி மட்டும் எனக்குப் பாடம். "ஆமி பன ஸொத்ரஸ்..." என்று என்னையறியாமல் முணுமுணுத்துவிட்டேன்.

பக்கத்தில் கண் மூடி நின்றிருந்த பாட்டி திரும்பினார். என் கையிலிருந்த நூலை வாங்கி, விரலில் எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டே மீதியைச் சொன்னார்: "நாவி சஸ் லமான்."